சால்டர் பரவாமல் உருண்டையாக நிற்பது: பார்த்தவர்கள் பகிருங்கள்

குளச்சல்_வயரிங்:
விசைப்படகு அடித்தட்டில் சேரும் தண்ணியை இறைக்கிற பில்ஜ் பம்ப்போட வயர். தோலை உரித்தால் உள்ளே செம்பெல்லாம் கறுப்பு. சால்டர் பிடிக்கத் தடவுற பேஸ்ட் (ஃப்ளக்ஸ்) உருகி இழைகளை நல்லா நனைச்சிடும். லெட் (சால்டரைத்தான் சொல்றேன்) மட்டும் அதுக்கு மேல மிளகு மாதிரி உருண்டு, தட்டினால் கீழே விழும். 60/40 லெட் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 190 டிகிரி வாக்கிலேயே முழுசா உருகிடும், அதனால சூடு குறைவுன்னு சொல்ல முடியாது. உப்புத்தண்ணி இழைகளுக்கு ஊடே ஏறி, தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை அரிச்சிருக்கும். செம்பு மின்னும் இடம் வரை வெட்டுங்க. ஒரு முழம் வெட்டியும் கறுப்புன்னா வயரையே மாத்தி, வெள்ளீயம் பூசிய இழை உள்ளதா போடுங்க.

வடசேரி_ஊதுகுழல்:
கோயில் நகை வெள்ளி வேலையில் பேஸ்டுக்குப் பதில் வெண்காரம்தான். கல்லில் தண்ணீர் விட்டு உரசி, இணைப்பில் தடவி, மேலே வெள்ளி சால்டர் பொடி. எடுத்ததும் தீயை முழுசாகக் காட்டினால் வெண்காரம் பொங்கிப் பொடியைத் தூக்கி எறிந்துவிடும். மெல்லச் சூடேற்றி, பொங்கல் அடங்கி, கண்ணாடியாக உருகும் வரை பொறுக்கணும். அதற்குள்ளே பொடி மணியாகச் சுருண்டு கிடக்கும். பிறகு கண் இமைக்கிற நேரத்தில் மணி காணாமல் போய், இணைப்பு நெடுக ஒரு வெள்ளைக்கோடு ஓடும். தீயைப் பொடி மேலேயே பிடித்தால் அந்தக் கோடு வராது. சுற்றியுள்ள வெள்ளியைச் சூடாக்கணும்.

நாகர்கோவில்_லேப்:
வயரிங் அண்ணாச்சி, பேஸ்ட் நனைப்பது வேறு, லெட் நனைப்பது வேறு. லெட் சொட்டு முதலில் தொடுவது உருகிய பேஸ்டின் திரவப் படலத்தை. படலம் செம்பின் மேலுள்ள ஆக்சைடை (காற்றுப்பட்டு உண்டாகும் படிவை) கரைத்திருந்தால் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து கூட்டுலோகம் ஆகும், லெட் படலத்தை ஒதுக்கிக்கொண்டு பரவும். கரைக்காவிட்டால் அதன் மேலேயே சறுக்கும். டீசல், கிரீஸ் பட்ட வயரிலும் இதே கதைதான். எண்ணெய் ஆக்சைடைத் தொடவே தொடாது, சூட்டில் கரிந்து கூடுதல் தடையாகவும் ஆகிவிடும்.

காலியம் என்ற உலோகத்தில் இது தெளிவாகத் தெரியும். உருகுநிலை 29.8 டிகிரி, நம்மூர் மதிய வெயிலே போதும். காய்ந்த கண்ணாடியில் அதன் ஆக்சைடுத் தோல் ஒட்டி இழுபடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடவிய கண்ணாடியில் தோல் கரைந்து உருண்டை வழுக்கி ஓடும். அதே அமிலத்தில் செம்புத் தகட்டை வைத்தாலோ பிடித்துக்கொண்டு பரவும். அலுமினியத்தை மட்டும் பக்கத்தில் கொண்டு வராதீர்கள், காலியம் ஊடுருவி நொறுங்க வைத்துவிடும்.

கறுப்பு வயருக்கு ஜிங்க் குளோரைடு பேஸ்ட் போடச் சொல்லி யாராவது வருவார்கள். லெட் பரவும், மறுக்கவில்லை. ஆனால் இழைகளுக்குள் தங்கும் குளோரைடைக் கழுவி எடுக்க முடியாது, அரிப்பு உள்ளேயே தொடரும்.

குளச்சல்_வயரிங்:
சரி, டீசல் பட்ட வயரை எதைக்கொண்டு துடைக்க? தின்னர் போதுமா?

நாகர்கோவில்_லேப்:
ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். முழுக்கக் காய்ந்த பிறகே சால்டரிங் அயர்னைத் தொடணும். ரெண்டுமே தீப்பிடிக்கும், படகின் அடித்தட்டில் வைத்துத் துடைக்காதீங்க.