எஸ்டேட்ல பெரட்டு (காலைல ஆளுங்கள கூட்டி பேர் கூப்பிடறது) போயி வாட்ஸ்ஆப் வந்துடுச்சு, இது முன்னேற்றமா?

லயத்துப்புள்ள: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவ நான். பாட்டி காலத்துல விடியகாலைல பெரட்டு, கிராணி (எஸ்டேட் கிளார்க்) பேர் கூப்பிடுவாரு, அப்படியே நாலு ஊர்க்கதை பேசிட்டு ரப்பர் பால்வெட்டுக்கு போவாங்க. இப்ப எங்க செம்பனை அறுக்கணும்னு அப்பாவுக்கு மண்டோர்கிட்ட (மேஸ்திரிகிட்ட) இருந்து ராத்திரியே மெசேஜ் வந்துடுது, குலை கணக்கும் போன்லதான். வீட்ல நாலு போன், டாப் அப்புக்கே மாசம் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போவுது. பேசறதுக்கே காசுன்னு ஆனது எப்படி?

பழைய பால்மரம்: தங்கச்சி, எங்க லயத்துல (எஸ்டேட் வரிசை வீட்ல) ஒரு தமிழ் நேசன் வாங்குனா பத்து வீடு படிக்கும், படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒருத்தர் சத்தமா வாசிப்பாரு. 1924ல ஆரம்பிச்ச பேப்பர், 2019ல நின்னு போச்சு, அன்னிக்கு எனக்கு மனசே சரியில்ல. இப்ப ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை.

கம்பத்துக்காரன்: போன் மட்டும் இல்ல, நம்ம மண்ணு போனதையும் பாருங்கண்ணே. 1996ல எம்எஸ்சின்னு மல்டிமீடியா திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள வர்ற அரசாங்க நகரம் புத்ராஜெயாவே பிராங் பெசார் எஸ்டேட் இருந்த இடம்தான், அங்க வேலை செஞ்ச நம்ம ஜனங்கள டிங்கில் பக்கம் ஃபிளாட்டுக்கு மாத்திட்டாங்க.

மாலா_எஸ்பி: டாப் அப் மட்டும் இல்ல லா. ஃபேஸ்புக் ஃப்ரீன்னு சொல்றோம், அவங்க வருமானத்துல பெரும்பங்கு விளம்பரம், அதாவது நாம எத பார்க்கிறோம் எவ்ளோ நேரம் பார்க்கிறோம்னு கணக்கு வச்சு, நம்ம கண்ணுல விளம்பரம் படற இடத்த விளம்பரக்காரனுக்கு விக்கிறாங்க. ரப்பர் பாலயாச்சும் எடை போட்டு நமக்கு கூலி குடுத்தாங்க.

லயத்துப்புள்ள: மாலாக்கா, இத அப்பாகிட்ட வாசிச்சு காட்டுனேன். "அப்ப நம்ம பால் ஊத்துற தோம்பு எங்க?"ன்னு கேட்டாரு.