நகரத்தைச் சொல்லும் புத்தகங்கள்: உறுத்தின ஒரு இடம்

(ஊரைப் பத்தின ஒரு புத்தகமும், அதுல உறுத்தின இடமும் சொல்லுங்கன்னு கேட்டதுக்கு வந்த பதில்கள்.)

பள்ளத்தூரான்:
எஸ். முத்தையாவோட மெட்ராஸ் புத்தகம். 1981-ல 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்'. பிறகு 'ரீடிஸ்கவர்ட்' ஆகிப் பதிப்புக்குப் பதிப்பு தடிச்சுக்கிட்டே போச்சு. பள்ளத்தூர்ல பிறந்த மனுஷன், இன்னொரு ஊரைத் தெருத்தெருவா எழுதியிருக்கார். பழைய கடையில கிடைச்சா அட்டையை விட்டுட்டு பதிப்பு வருஷத்தைப் பாருங்க. அதுல "இப்போது" என்பது எந்தக் காலம்னு அதை வச்சுத்தான் புரியும்.

உறுத்துற இடம் சென்னை தினத் தேதி. கொண்டாடுறது 1639 ஆகஸ்ட் 22. ஆனா ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த இடத்தைக் கொடுத்த மானியப் பிரதியில இருக்கிறது ஜூலை 22. கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே மதராசபட்டினத்துல வந்து இறங்கினதே ஜூலை 27! வராத ஆளுக்கு அஞ்சு நாள் முன்னாடியே எப்படி மானியம்? அதனாலதான் ஒரு மாசம் தள்ளிப் படிக்கிறாங்க. சென்னை வரலாறுன்னு எதை எடுத்தாலும் முதல்ல இந்தத் தேதியை எப்படிக் கையாளுதுன்னு பாருங்க. ஒரு வரியில தாண்டிப் போயிருந்தா மத்ததையும் ஜாக்கிரதையாப் படிக்கணும்.

கோட்டையூர் வாசகி:
ஏ.கே. செட்டியார் தொகுத்த 'தமிழ்நாடு', 1968. நூறு வருஷத்துக்கு முந்தின பயணக் கட்டுரைகள். தொகுத்தவர் கோட்டையூர். பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்துச் சேர்த்து வச்ச ரோஜா முத்தையாவும் கோட்டையூர். அவர் 1992-ல மறைஞ்ச பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில நூலகமா நிக்குது.

அங்கே அலமாரியில நாமளே துழாவ முடியாது, பட்டியல்ல தேடிக் கேக்கணும். "சென்னை"ன்னு மட்டும் தேடினா பாதி விட்டுப்போகும். சென்னபட்டணம், சென்னபட்டினம், மதராஸ், மதறாஸ், பட்டணம் எல்லாம் தனித்தனியாப் போடுங்க. ஆசிரியர் பேர்ல இனிஷியல் முன்னாடியும் பின்னாடியும் மாறி மாறி நிக்கும். ஊரைச் சொல்லும் நல்ல கட்டுரை பல நேரம் புத்தகத்துல இருக்காது, பழைய மாத இதழ்ல இருக்கும். செட்டியாரோட 'குமரி மலர்' அதுக்கு ஒரு சுரங்கம்.

ஆத்தங்குடிக்காரன்:
பள்ளத்தூர் அண்ணே, மெட்ராஸ் கதை அங்கே இருக்கட்டும். நம்ம செட்டிநாட்டு வீடுகளைப் பத்தி வர்ற பளபளா புத்தகங்களைத் திறந்தாலே எனக்கு எரிச்சல். தரையில பதிக்கிற கல்லை "சூளையில் சுட்ட ஆத்தங்குடி ஓடு"ன்னு ஒரு வரி! சுடுறதே இல்லை. கண்ணாடிச் சட்டம் கீழே, அதுமேல இரும்பு அச்சு. பூவுக்கு ஒரு அறை, கரைக்கு ஒரு அறை, ஒவ்வொண்ணுலயும் கலர் சிமெண்டுக் குழம்பை ஊத்தி, அச்சை ஆடாம நேராத் தூக்கணும். கை நடுங்கினா ஒரு கலர் இன்னொண்ணுல ஓடிடும். மேல காய்ஞ்ச சிமெண்டு-மணல் தூவுவாங்க, அது ஈரத்தை உறிஞ்சும். அதுக்கும் மேல கலவை. அப்புறம் நாள்கணக்கா தண்ணித் தொட்டி. பளபளப்பு கண்ணாடி கொடுக்கிறது, நெருப்பு கொடுக்கிறது இல்லை. இதுல தப்பு பண்ணின புத்தகம் வளவு, பட்டாலைன்னு வீட்டோட தனித்தனிப் பகுதிகளைக் குழப்பாம இருக்கும்னு எப்படி நம்புறது?

பழைய பெட்டி:
நான் சொல்ல வந்தது சின்ன விஷயம்: வீட்டோட பின்பகுதி மூணாங்கட்டுல பெட்டியில கிடக்கும் ஊர்ப் புத்தகங்களை வெயில்ல காயப் போடாதீங்க. காகிதம் பழுத்து நொறுங்கும். பூச்சி இருந்தா புத்தகத்தை காத்துப் போகாத பிளாஸ்டிக் பையில கட்டி, மைனஸ் 18 போற டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விடணும். இல்லாட்டி அட்டையில வேர்த்து பூஞ்சை வரும். ஈரம் பட்ட புத்தகம்னா முதல்ல நிழல்ல, விசிறிக் காத்துல உலர்த்திட்டுத்தான் இதெல்லாம்.

கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்துல பசை பழுப்பேறி எழுத்தோட சேர்ந்து ஒட்டிக்கும். கடை பைண்டர் பசையில மயில்துத்தம் போடுவார், பூச்சி அண்டாதுன்னு. பூச்சி அண்டாது, சரி. ஆனா துத்தத்துல இருக்கிற செம்பு காகிதத்தை அரிக்கும். வெறும் மாவுப் பசையும் மெல்லிசு டிஷ்யூ காகிதமும் போதும். அந்துருண்டை வாசனைதான், உள்ளே இருக்கிற முட்டை சாகாது.

பள்ளத்தூரான்:
துத்தம் போடாத பசை மறுநாளே புளிச்சுப் போகுமே?

பழைய பெட்டி:
போகும். ஒரு கரண்டி மாவு, அஞ்சு கரண்டி தண்ணி, அன்னைக்குத் தேவையானது மட்டும் காய்ச்சுங்க.