வெஸ்பாசியன் நாணயத்தில் பேரீச்ச மரம் எதற்கு?

கேள்வி:
ரோமப் பேரரசர் வெஸ்பாசியனின் செஸ்டர்ஷியஸ் என்ற பித்தளை நாணயம் ஒன்றின் படம் பார்த்தேன். பின்பக்கம் நடுவில் பேரீச்ச மரம், ஒரு பக்கம் கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மறுபக்கம் ஈட்டியோடு ஒருவர் நிற்கிறார். இது என்ன காட்சி?

பதில் 1:
கி.பி. 70இல் யூதர்களின் எருசலேம் ரோமர்களிடம் வீழ்ந்ததைக் கொண்டாட அடுத்த ஆண்டு அடித்தது. மரம் யூதர்களின் நாடான யூதேயாவின் அடையாளம், அந்தப் பெண் தோற்றுப்போன மக்கள். நிற்பவரின் காலைப் பாருங்கள், தலைக்கவசத்தை மிதித்துக்கொண்டிருப்பார். பேரரசர் நீரோ இறந்த பிறகு உள்நாட்டுப் போர், 69இல் மட்டும் நான்கு பேரரசர்கள், கடைசியாக வந்த வெஸ்பாசியனுக்குப் பெரிய குலப்பெருமை கிடையாது, அதனால் இந்த வெற்றியை ஊரெல்லாம் காட்ட வேண்டியிருந்தது.

பதில் 2:
சிலவற்றில் கைகள் பின்னால் கட்டப்பட்ட ஆண் கைதியும் உண்டு. வென்ற நாட்டை நாணயத்தில் காட்டும் வழக்கம் பழசுதான், முதல் பேரரசர் அகஸ்டஸ் எகிப்தைப் பிடித்ததும் தெனாரியஸ் என்ற வெள்ளி நாணயத்தில் முதலையைப் போட்டார்.

கேட்டவர்:
சரி, அந்த மரம் அப்புறமும் வந்ததா?

பதில் 1:
வந்தது, எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். 96இல் பேரரசர் நெர்வா அடித்த நாணயத்தில் கைதிகள் இல்லை, மரம் மட்டும். யூதர்கள் மீதான தனி வரியின் பெயரில் நடந்த பொய்க் குற்றச்சாட்டுகளை நிறுத்தியதாக அதைச் சுற்றி எழுதியிருக்கும்.