மழைக்காலக் காலைகளும் ஒரு ஜோடிக் காலணியும்

மகோட்டோ ஷின்காய் இயக்கி 2013இல் வெளிவந்த ‘தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. மொத்தமே 46 நிமிடங்கள். மழையை இத்தனை அழகாக வரைந்தவர்கள் கதையை ஏன் இப்படி அந்தரத்தில் விட்டார்கள் என்று நினைத்தபடி, பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே கணினியை மூடிவிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, பணியிடத்தில் என்னைப் பற்றிப் பரவிய ஒரு பொய்யால், காலையில் உடுத்திக் கிளம்பி அலுவலக வாசல்வரை போய்விட்டு உள்ளே நுழைய முடியாமல் திரும்பிய நாட்கள் எனக்கு வாய்த்தன. அப்படித் திரும்பிய ஒரு நாளின் மாலையில்தான் இந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன்.

காலணி செய்பவனாக வேண்டும் என்று கனவு காணும் 15 வயது டக்காவோ, மழை பெய்யும் காலைகளில் முதல் வகுப்பைத் தவிர்த்துவிட்டு, டோக்கியோவின் ஷின்ஜுகு கியோயென் பூங்காவில் உள்ள கூரையிட்ட சிறு மண்டபத்தில் அமர்ந்து படம் வரைகிறான். அங்கே 27 வயது யுகினோ, மதுவுக்குத் தடையுள்ள அந்தப் பூங்காவில், காலை நேரத்தில் பீரும் சாக்லேட்டுமாக உட்கார்ந்திருக்கிறாள். முதல் முறை அதை ஒரு விசித்திரப் பழக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். உண்மையில், மாணவர்கள் சிலர் பரப்பிய அவதூறால் வகுப்பறைக்குப் போக முடியாமல் ஒடுங்கிவிட்ட ஆசிரியை அவள். அந்த இரண்டைத் தவிர வேறெதுவும் அவள் நாவுக்குச் சுவைக்காமல் போயிருந்தது. டக்காவோ கொண்டுவரும் உணவைப் பகிர்ந்து உண்ணத் தொடங்கிய பிறகு, இழந்த சுவை மெல்ல மெல்லத் திரும்புகிறது. ஒருவர் மீண்டு வருவதை இவ்வளவு சிறிய ஒன்றைக் கொண்டு உணர்த்த முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

அவள் பாதத்தைக் காகிதத்தின் மீது வைத்து அவன் அளவெடுக்கும் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியே மழை பெய்துகொண்டிருக்க, இலைகளின் பச்சை இருவரின் தோலிலும் படிந்திருக்க, தான் எப்போதோ நடக்க முடியாதவளாகிவிட்டதாக அவள் சொல்கிறாள். வயது இடைவெளி எனக்கும் நெருடலாகத்தான் இருந்தது. ஆனால் இயக்குநர் அதை மறைக்கவில்லை. அவன் தன் காதலைச் சொன்னதும், தன்னை ‘ஆசிரியை’ என்றே அழைக்க வேண்டும் என்று திருத்தி அவள் விலகிக்கொள்கிறாள். அந்த விலகல் இருவருக்கும் எவ்வளவு வலித்தது என்பது படிக்கட்டில் நிகழும் அடுத்த காட்சியில் வெடித்து வெளிப்படுகிறது.

படத்தின் உயிர், எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிதைத் தொகுப்பான மன்யோஷூவிலிருந்து எடுத்த இரண்டு குறும்பாக்களில் இருக்கிறது. இடி மெல்ல முழங்கி, வானம் இருண்டு, மழை வந்தால் நீ இங்கே தங்குவாயா என்று கேட்கும் பாடலை, விளக்கம் எதுவும் தராமல், முதல் சந்திப்பிலேயே அவள் சொல்லிவிட்டுப் போகிறாள். மழையே வராவிட்டாலும் நீ தங்கச் சொன்னால் தங்குவேன் என்ற மறுமொழியை அவன் கண்டடைந்து சொல்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிடுகிறது. பழஞ்ஜப்பானியத்தில் காதலைக் குறிக்கும் ‘கொய்’ என்ற சொல்லைத் ‘தனிமை’, ‘துயரம்’ என்ற பொருள்தரும் இரண்டு எழுத்துகளால் எழுதியதும் உண்டு. அந்தப் பழைய பொருளில் அமைந்த காதலைத்தான் ஷின்காய் சொல்ல விரும்பினார்.

இம்முறை பெயர்கள் ஓடியபோது எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். அவற்றுக்குப் பிறகும் ஒரு காட்சி இருந்தது. பனி மூடிய அதே மண்டபத்துக்கு டக்காவோ தனியாக வருகிறான். ஊர் திரும்பி மீண்டும் கற்பிக்கத் தொடங்கிவிட்ட யுகினோவின் கடிதத்தை வாசிக்கிறான். அவளுக்காகச் செய்து முடித்த காலணிகளை இருக்கையில் வைக்கிறான். தானும் அப்போது நடக்கத்தான் பழகிக்கொண்டிருந்ததாகவும், இன்னும் தொலைவு நடக்க முடியும்போது அவளைப் பார்க்கப் போவதாகவும் நினைத்துக்கொள்கிறான்.