அப்பா தொட்டுப் பார்த்த முடிச்சு

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம், வேலை ஜப்பானில், நாகோயாவில். போன அக்டோபரில் அப்பாவை வரவழைத்திருந்தேன். நகரத்தில் எதைக் காட்டினாலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சரி, மலைக்குப் போவோம் என்று மூன்று மணி நேரம் பேருந்தில் ஷிரகவாகோவுக்குக் கூட்டிப் போனேன். 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர்.

முதலில் மேட்டில் ஏறி ஊரைப் பார்த்தோம். கும்பிடும் கைகளைப் போலச் செங்குத்தான புற்கூரைகள், பனி தங்காமல் வழிவதற்காக. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லா வீடும் ஒரே பக்கமா நிக்குது. இங்க வாடையும் சோழகமுந்தான் அடிக்கும் போல" என்றார். உண்மைதான். பள்ளத்தாக்கில் காற்று வடக்கு தெற்காக ஓடுவதால், அது கூரையில் மோதாதபடி வீடுகளை அமைத்திருக்கிறார்கள். 1964 புயலில் தனுஷ்கோடியில் வீட்டைப் பறிகொடுத்தபோது அப்பாவுக்குப் 10 வயது. கூரையைப் பார்த்தால் அவருக்குக் காற்றுதான் முதலில் தோன்றும்.

அப்புறம் ஒரு பழைய வீட்டுக்குள் போனோம். தரையின் நடுவே அடுப்பு எரிந்தது. மாடிப்பரணில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்களாம். மேல்தளத்தின் இடுக்குகள் வழியே புகை ஏறி, கூரைக் கயிறெல்லாம் கருத்து இறுகியிருந்தது. பூச்சி அரிக்காமல் காப்பதும் அந்தப் புகைதான். "நம்ம அடுப்படிக் கூரை மட்டும் உளுத்துப்போகாம நின்னது இதனாலதானே" என்றார் அப்பா.

கூரைச் சட்டங்களில் ஆணியே கிடையாது. வைக்கோல் கயிறும், முறுக்கிய இளங்கிளைகளும்தான். அப்பா கையை நீட்டி ஒரு முடிச்சைத் தடவினார். தொடக்கூடாதோ என்று எனக்குப் பதற்றம். அங்கிருந்த பெரியவர் கோபப்படாமல் உள்ளே போய் ஒரு துண்டுக் கயிறு கொண்டுவந்து, கட்டும் விதத்தை மெதுவாகச் செய்து காட்டினார். அப்பா அதை அவிழ்த்து, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் இரண்டு பேரும் கயிற்றால் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஒரு கூரை மாற்ற ஊரே திரண்டு வரும், கூலி கிடையாது, அதற்கு 'யுய்' என்று பெயர் என்பதை மட்டும் நான் எடுத்துச் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் ஓலை வேய அப்படித்தான் வருவார்கள். கான்கிரீட் வந்தபின் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

அந்த வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். போகிறவர்கள் தயவுசெய்து சன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள்.

போன வாரம் தம்பி போன் செய்தான். அப்பா வலைக்கொட்டகைக் கூரையைப் பிரித்து, பனைநாரை ஊறவைத்துத் திரும்பக் கட்டுகிறாராம். பக்கத்து வீட்டிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறார்களாம்.