புதுப்பிப்பு: பேட்டரி மூன்று சக்கர வண்டிக்கு அலுவலகத்தில் அனுமதி கிடைத்துவிட்டது

மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன்: போலியோ பாதித்த இடது காலோடு, வாயிலில் இருந்து என் பிரிவு வரை முக்கால் கிலோமீட்டர் ஊன்றுகோலில் நடக்கிறேன், வண்டியை உள்ளே விட மறுக்கிறார்கள் என்று. போன திங்கள் முதல் வண்டியிலேயே போகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உங்களில் ஒருவர் சொன்னபடி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைக் காட்டி மனு கொடுத்தேன். ஊழியருக்கு வேண்டிய நியாயமான வசதியை அரசு நிறுவனம் செய்து தர வேண்டும் என்கிறது அது. எங்களுடையது அரசு நிறுவனம்தான். இரண்டு வாரத்தில் கையெழுத்தாகி வந்தது.

சாய்தளம்தான் பெரிய பாடு. மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம். முதலில் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கட்டிவிட்டார்கள். ஏறும்போது எடை முழுக்கப் பின்னால் சாய்ந்து, முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. நெஞ்சு அடைத்துவிட்டது எனக்கு. 1:12 சரிவு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், 5.4 மீட்டர் வேண்டும். கட்டட மேற்பார்வையாளரிடம் தாளில் வரைந்து காட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் இடித்துக் கட்டினார். இப்போது ஒரே சீராக ஏறுகிறது.

ஊன்றுகோலை மாட்ட இருக்கைக்குப் பக்கத்தில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறேன். சார்ஜ் போட காவலர் அண்ணன் தன் அறையிலேயே இடம் கொடுத்தார்.

மழைக்கு முன் நிறுத்துமிடத்தில் கூரை வேண்டும். அந்த மனு நாளைக்குப் போகிறது.