கொலுப் பூங்காவுக்கு ஓர் அடி உயர ஆழித்தேர்: சாயாமல் நிற்க என்ன செய்வது?

மன்னார்குடி மாமி:

எங்கள் வீட்டுக் கொலு ஐந்து படி. பொம்மைகள் மாமியார் காலத்தவை, அவற்றில் குறை இல்லை. படிக்கு முன்னால் தரையில் வைக்கும் பூங்காவில்தான் வருடா வருடம் மானம் போகிறது.

போன நவராத்திரிக்குப் பேரனோடு சேர்ந்து திருவாரூர் ஆழித்தேர் செய்தேன். பற்பசை வந்த பெட்டி, தீப்பெட்டி, பழைய காலண்டர் அட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் மைதாப் பசை போட்டு ஒட்டி அடுக்கினோம். இரண்டு நாள் கம்பீரமாக நின்றது. மூன்றாம் நாள் சுண்டல் வாங்க வந்தவர்கள் முன்னால் சாய்ந்து, செட்டியார் பொம்மையின் மூக்கை உடைத்துவிட்டது. நாற்பது வருடமாகக் கடை விரித்து உட்கார்ந்திருப்பவர், பாவம். தூக்கி நிறுத்தினால், அடியில் கரப்பான்பூச்சி பசையைப் பாதி தின்று தீர்த்திருக்கிறது.

வயல் கதை இன்னும் மோசம். எவர்சில்வர் தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்தேன். தாளடி நெல்லுக்குப் பாய்ச்சுவது போல் பேரன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினான். சரஸ்வதி பூஜையன்று கூடத்தில் சாம்பிராணியையும் மீறி அழுகல் வாடை.

நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தேர் நிற்க வேண்டும், பயிர் முளைக்க வேண்டும். கடையில் வாங்கலாமே என்று தயவு செய்து யாரும் எழுத வேண்டாம். பூங்காவில் வைப்பது எதுவும் வீட்டில் கிடந்த பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம்.

கமலாலயக்கரை:

மாமி, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் கட்டியது தேர் இல்லை, கோபுரம். அதனால்தான் விழுந்தது.

எங்கள் ஊர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். ஆனால் மரத்தால் ஆன பகுதி சுமார் 30 அடிதான். அதற்கு மேலே தெரிவதெல்லாம் மூங்கிலும் சீலையும். கனம் முழுவதும் கீழே இருப்பதால்தான் அத்தனை உயரம் நிற்கிறது. நீங்கள் மேலேயும் அட்டைப்பெட்டியை அடுக்கிவிட்டீர்கள். அது எத்தனை நாள் தாங்கும்?

8 அடிக்கு 1 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 அங்குலம் வரும். அதில் அடிப்பகுதி நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்கு மட்டும் தீப்பெட்டிகளை அடுக்கி, கீழ் வரிசைப் பெட்டிகளில் ஆற்று மணலை நிரப்பி மூடுங்கள். அதற்கு மேல் பெட்டியே கூடாது. தென்னை ஈர்க்கை நறுக்கிச் சுற்றிலும் செருகி, வயிறு பிதுங்கி மேலே குவிகிற மாதிரி வளைத்து நூலால் கட்டுங்கள். காய்ந்த ஈர்க்கு ஒடியும், பச்சை ஈர்க்குதான் வளையும். கூட்டின் மேல் பழைய ரவிக்கைத் துணியைச் சுற்றிவிட்டால் சீலை ஆயிற்று.

தேரைச் சுற்றித் தொங்கும் துணிக் குழல்கள், அதுதான் தொம்பைகள், அவற்றை மறந்துவிடாதீர்கள். அவை தொங்காவிட்டால் தேருக்கு முகமே இல்லை. பென்சிலைச் சுற்றி ஒரு துண்டுச் செய்தித்தாளை உருட்டி ஒட்டி, பென்சிலை உருவிவிட்டு, குழலின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிப்பட்டைகளை ஒட்டினால் போதும். குதிரைக்கு மட்டும் என்னிடம் வழி கேட்காதீர்கள். நான் செய்தவை எல்லாம் நாய்களாகவே வந்தன.

இன்னொன்று, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வையுங்கள். உண்மையான தேரைத் திருப்பவும் நிறுத்தவும் அந்தக் கட்டையைப் போடுவார்கள். உங்கள் தேருக்குச் சாக்பீஸ் துண்டு ஒன்றைச் சாய்வாகச் சீவி வைத்தால் போதும்.

குடந்தை அக்கா:

பசைக்கு நான் சொல்கிறேன். அப்பா கும்பகோணத்தில் நோட்டு பைண்டிங் செய்தவர். மைதா காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். பூச்சி அண்டாது. ஆனால் துத்தம் விஷம், மாமி. அடுப்படிப் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, சின்னப் பிள்ளை கையில் கொடுக்கவும் கூடாது. பேரன் கை வைக்கிற வேலை என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலே உள்ளவர் சொன்னபடி நூலால் கட்டுங்கள். பசையே வேண்டாத இடத்தில் கரப்பானுக்கு என்ன வேலை?

வெண்ணாற்றங்கரை:

மாமி, தாம்பாளத்தில் தண்ணீர் வடிய வழி ஏது? கொட்டாங்கச்சியின் கண்ணைக் குத்தித் திறந்து, மணலும் கொஞ்சம் மண்ணும் கலந்து போடுங்கள். ஏழெட்டுக் கொட்டாங்கச்சிகளை நெருக்கி வைத்து இடுக்கில் மணல் தூவினால் வயல் போலவே இருக்கும். கேழ்வரகை இரவு ஊறவைத்து விதையுங்கள். சொம்பைப் பேரன் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டு, கையால் தெளிக்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால் கடுகு போடலாம், சீக்கிரம் முளைக்கும்.

முளைத்ததும் ஜன்னல் ஓரம் வையுங்கள். கூடத்து இருட்டிலேயே விட்டால் முளைப்பாரி மாதிரி வெளுத்து நீண்டுவிடும். முளைப்பாரிக்கு அது அழகு, வயலுக்கு அழகில்லை.

சக்கரத்துக்கு அறுந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டுங்கள். சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்கு நாங்கள் சப்பரம் கட்டி ஆற்றுக்கு இழுத்துப் போனது அந்தச் சக்கரத்தில்தான். கப்பிச் சாலையிலேயே ஓடியது, உங்கள் கூடத்தில் ஓடாதா?

மன்னார்குடி மாமி:

எல்லோருக்கும் நன்றி. கோபுரம் என்று சொன்னவர் மேல் முதலில் கோபம்தான் வந்தது. ஈர்க்கை வளைத்துக் கட்டியதும் கோபம் போய்விட்டது. அத்தனை உயரத்துக்கும் கையில் கனமே தெரியவில்லை.

துத்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தொம்பைக்கும் பசை போடாமல் ஊசி நூலால் தைத்துவிட்டேன், எட்டுத் தொம்பைக்கு இரண்டு மத்தியானம் ஆயிற்று. கலசத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது பேரன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து உச்சியில் செருகினான். அதைவிடப் பொருத்தமாக நான் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இப்போது வடம் வேண்டும் என்று தேங்காய் நாரைத் தொடையில் வைத்துத் திரித்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று ஒரு சோதனை வைத்தோம். மின்விசிறியை மூன்றில் வைத்தாலும் தேர் அசையவில்லை. ஐந்தில் வைத்தால் கிராம்பு மட்டும் பறக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று செட்டியாரை இரண்டு முழம் தள்ளியே உட்கார வைக்கப் போகிறேன்.